அழைப்பு மடலும் ஆர்வக் கணக்கும்: அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

அமெரிக்க உயர்கல்வியின் சேர்க்கை வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஒரு வினாவையே முதன்மைப்படுத்தியுள்ளனர். கல்லூரிகள் யாரை ஏற்றன, யாரை விலக்கின என்பதே அவ்வினா. ஹரால்டு வெக்ஸ்லர் (1977), மார்சியா சின்னாட் (1979), ஜெரோம் காரபெல் (2005) ஆகியோரின் நூல்கள் இத்துறையில் அடிப்படையானவை. ஆயினும் கல்லூரி மாணவனை எவ்வாறு அழைத்தது, அழைக்கப்பட்ட மாணவன் தன் விருப்பத்தை எவ்வாறு புலப்படுத்த வேண்டியவனானான் என்னும் செய்திகள் அவற்றில் ஓரமாகவே நிற்கின்றன. கல்லூரி எழுதும் மடலும் மாணவன் காட்டும் ஆர்வமும் தனித்தனியே வளர்ந்தவை அல்ல என்பது நம் கருத்து. முன்னது பின்னதை அளக்கும் கருவியாக மாறியது. அம்மாற்றம் எப்போது, எக்காரணங்களால் நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இது நம் வட்டாரத்துக்குத் தொடர்பற்ற செய்தி அன்று. 1980களின் நடுப்பகுதியில் மலேசிய மாணவர் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்காவில் பயின்றனர். அவ்வெண்ணிக்கை பின்னர் வெகுவாகக் குறைந்தது எனினும், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளனர். அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் பொறுப்பு இடைநிலைப்பள்ளி, தொடக்கக் கல்லூரி ஆசிரியர்களையே சாருகிறது. எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பதியும்போது ஒரு கட்டத்தில் குறியிட்ட மாணவனுக்கு அறியாத ஊர்களிலிருந்தெல்லாம் மடல்கள் வரத் தொடங்குகின்றன. 'உங்களைப் போன்ற மாணவரையே நாங்கள் தேடுகிறோம்' என்னும் பொருள்பட அமைந்த அம்மடலைப் பெற்றோர் சிலர் இடம் கிடைத்துவிட்டதாகவே கருதிக்கொள்வர். அம்மடலுக்குப் பின் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

கொடையாளிக்கு எழுதிய காலம்

ஹார்வர்டு கல்லூரி 1636இல் நிறுவப்பட்டது. ஏழாண்டுகளுக்குப் பின், 1643இல், 'நியூ இங்கிலாந்தின் முதற்கனிகள்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் லண்டனில் அச்சாயிற்று. கல்லூரியின் அமைப்பு, விதிகள், பாடத்திட்டம் ஆகியவை அதில் விளக்கப்பட்டுள்ளன. அமெரிக்கக் கல்லூரி விளம்பரத்தின் முன்னோடி என இதனைச் சுட்டுவோர் உண்டு. ஆயினும் இது எழுதப்பட்டது மாணவனுக்கு அன்று. இங்கிலாந்தில் வாழ்ந்த கொடையாளிக்கு. மாணவனிடம் எதிர்பார்த்தது வேறு. சிசரோவின் இலத்தீனைப் படித்தவுடன் பொருள் கொள்ளவும், இலத்தீனில் எழுதவும் பேசவும், கிரேக்கப் பெயர் வினைகளின் வேறுபாடுகளை ஒப்பிக்கவும் வல்லவனே கல்லூரிக்குள் நுழையலாம். பல்லாண்டுகள் அம்மொழிகளைப் பயின்று வந்து நிற்பவனிடம் 'உனக்கு இக்கல்லூரியில் ஆர்வம் உண்டா' எனக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

இம்மரபின் ஒரு கிளை தமிழ் மண்ணிலும் ஊன்றியது என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரி 1823இல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே தமிழ் இளைஞர்க்கான கல்லூரி ஒன்றன் திட்டம் அச்சிடப்பெற்று வெளிநாட்டு ஆதரவாளரை நோக்கி அனுப்பப்பட்டது. முதற்கனிகள் நூலுக்கும் இத்திட்டத்துக்கும் இடையே 180 ஆண்டு இடைவெளி இருப்பினும் நோக்கம் ஒன்றே. ஒரு மாணவனைப் பேண அமெரிக்கக் கொடையாளர் பணம் அனுப்புவர். அவர் விரும்பிய பெயர் மாணவனுக்குச் சூட்டப்படும். கறல் விசுவநாதபிள்ளை, அர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என நம் இலக்கிய வரலாற்றில் பயிலும் பெயர்களின் முன்னொட்டுகள் இத்தொடர்பிலிருந்து வந்தவை. கல்லூரி மடலின் விளைவு ஒருவர் பெயரிலேயே பதிந்துவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை எனலாம். 1855இல் அச்செமினரி மூடப்பட்டது.

கதவு திறந்திருந்தது, பின் ஒருக்களித்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சமயச் சார்புடைய சிறு கல்லூரிகள் பெருகின. இவற்றுட் பல, மாணவர் கட்டணத்தையே நம்பி வாழ்ந்தன. கல்லூரி முதல்வரும் முகவரும் ஊர் ஊராகச் சென்று திருச்சபைகளிலும் பள்ளிகளிலும் மாணவரைத் திரட்டினர். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870களின் தொடக்கத்தில் வேறொரு வழி கண்டது. தன் ஆசிரியர் பார்வையிட்டு ஏற்ற உயர்நிலைப்பள்ளியின் சான்றிதழ் பெற்றவரைத் தனித்தேர்வின்றிச் சேர்த்துக்கொண்டது. கிழக்குக் கரையின் பழங்கல்லூரிகள் தத்தம் தேர்வுகளை விடவில்லை. அவற்றை ஒழுங்குபடுத்தும் முயற்சியாகவே 1900இல் கல்லூரி நுழைவுத்தேர்வு வாரியம் தோன்றியது. 1901ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த அதன் முதல் தேர்வை எழுதியோர் 973 பேர். தேர்ச்சி பெற்றவருக்கு இடம் உண்டு என்பதே அக்கால நடைமுறை. சில பாடங்களில் தவறியவரும் நிபந்தனையோடு சேர்க்கப்பட்டனர்.

முதல் உலகப் போருக்குப் பின் இந்நிலை மாறியது. கொலம்பியா, ஹார்வர்டு, டார்ட்மத் முதலிய கல்லூரிகள் முதன்முறையாகத் தகுதி பெற்ற அனைவரையும் ஏற்காத நிலையை மேற்கொண்டன. இடப்பற்றாக்குறை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் தேர்வுகளில் சிறந்து தேறியமை அக்கல்லூரிகளின் தலைவர் சிலருக்கு உவப்பாக இல்லை. ஹார்வர்டின் தலைவர் லோவல் 1922இல் யூத மாணவர்க்கு ஒரு வரம்பு வகுக்க வெளிப்படையாகவே முயன்றார், அம்முயற்சி ஏற்கப்படவில்லை. ஆயினும் 1926இல் மாணவர் தொகையை வரையறுத்து, 'குணநலன்' என்னும் அளவுகோலுக்கு முதன்மை தந்தபோது அதே நோக்கம் வேறு வாயில் வழியாக நுழைந்தது. நீண்ட விண்ணப்பப் படிவம், நிழற்படம், தாய் தந்தையர் பிறப்பிடம் பற்றிய வினா, நேர்காணல், பரிந்துரைக் கடிதம் ஆகியவை இக்காலத்தின் கொடைகள். காரபெல் தம் நூலில் இதனை மிக விரிவாக நிறுவியுள்ளார்.

மாணவனின் ஆர்வம் இன்னும் ஓர் அளவுகோலாகவில்லை. எனினும் அது பின்னாளில் வைக்கப்படவிருந்த கோப்பு அப்போதே உருவாகிவிட்டது. மதிப்பெண்ணுக்கு அப்பால், அலுவலர் தம் உய்த்துணர்வால் எடைபோடும் ஒன்று சேர்க்கையில் இடம்பெறலாம் என்னும் கொள்கை 1920களில் வேரூன்றியது. பின்வந்த ஒவ்வொரு புதிய அளவுகோலும் அக்கொள்கையின் நிழலில்தான் வளர்ந்தது. 1934இல் ஹார்வர்டின் தலைவர் கானன்ட் தொடங்கிய தேசிய உதவித்தொகைத் திட்டத்தையும் இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும். மத்திய மேற்கு மாநிலங்களின் திறமிக்க மாணவரைத் தேடிச் சென்று அழைத்த அத்திட்டத்துக்கு, 1926இல் நடைமுறைக்கு வந்த எஸ்.ஏ.டி. தேர்வு அளவுகோலாயிற்று. ஒரே கல்லூரி ஒரு கையால் விலக்கவும் மறு கையால் அழைக்கவும் கற்றுக்கொண்டது.

விளைச்சல் என்னும் கவலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையால் ஏறத்தாழ 22 இலட்சம் போர்வீரர் கல்லூரிகளில் பயின்றனர். கல்லூரிக் கல்வி நடுத்தர வர்க்கத்தின் இயல்பான எதிர்பார்ப்பாயிற்று. 1950களில் மாணவர் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, மூன்று நான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாயினர். சிறிய மாற்றமாகத் தோன்றும் இதுவே நம் பொருளின் திருப்புமுனை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஆயிரம் இடங்கள் உள்ள ஒரு கல்லூரிக்கு, அனுமதி பெற்ற அனைவரும் வந்து சேர்வர் என்றால் ஆயிரம் பேருக்கு அனுமதி தந்தால் போதும். அவருள் பாதிப் பேரே வருவர் எனில் இரண்டாயிரம் பேருக்குத் தர வேண்டும். நாற்பது விழுக்காட்டினர்தாம் வருவர் எனில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு. கணிப்புத் தவறி மிகுதியானோர் வந்துவிட்டால் தங்கும் விடுதியில் படுக்கை இராது. குறைந்தால் ஆண்டு வரவுசெலவில் ஓட்டை விழும். அனுமதி பெற்றோருள் வந்து சேர்வோரின் பங்கை அமெரிக்கச் சேர்க்கை அலுவலகங்கள் 'யீல்டு' என வழங்குகின்றன. விளைச்சல் என்பதே அதன் பொருள். உழவனின் சொல்லைக் கல்லூரி எடுத்துக்கொண்டது தற்செயல் அன்று. விதைக்கும்போது அறுவடை தெரியாத அச்சம் இருவர்க்கும் பொது.

மாணவன் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்த காலத்தில் விண்ணப்பமே ஆர்வத்தின் சான்று. பல கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோது அச்சான்று தேய்ந்தது. இழந்த அச்செய்தியை வேறு வழியில் மீட்கும் முயற்சியே முற்கூட்டிய முடிவு என்னும் ஏற்பாடு. வடகிழக்குப் பகுதிக் கல்லூரிகள் 1950களில் இதனைத் தொடங்கின. இவ்வேற்பாட்டில் மாணவன் ஒரே கல்லூரிக்கு முன்னதாக விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வதாக உறுதி கூறுகிறான். கல்லூரியும் முன்னதாகவே விடை தருகிறது. தேர்ந்த பள்ளிகளின் மாணவர் அலைச்சலைக் குறைப்பதே தொடக்கத்தில் கூறப்பட்ட நோக்கம். பிறகு அது என்னவாயிற்று என்பதைக் கீழே காண்போம்.

பெயர்ப் பட்டியலும் புனலும்

1970களை நாம் இவ்வரலாற்றின் நடுக்கண்ட ஆண்டுகளாகக் கொள்கிறோம். அமெரிக்க உயர்நிலைப்பள்ளியில் தேறி வெளிவருவோர் தொகை அப்பத்தாண்டின் பிற்பகுதியில் உச்சத்தை எட்டிச் சரியவிருந்தது. போருக்குப் பிந்திய பிறப்புப் பெருக்கத்தின் அலை ஓய்ந்துகொண்டிருந்தது. புதிய கட்டடங்கள் எழுப்பிய கல்லூரிகளுக்கு இது நல்ல செய்தி அன்று.

1972இல் காலேஜ் போர்டு எனப்படும் மேற்கூறிய வாரியம் மாணவர் தேடல் சேவையைத் தொடங்கியது. தேர்வு எழுதும் மாணவன் இசைந்தால் அவன் பெயரும் முகவரியும் கல்லூரிகளுக்குக் கட்டணத்துக்கு வழங்கப்படும். மதிப்பெண் எல்லை, வாழிடம், விரும்பும் பாடம் எனத் தனக்கு வேண்டிய வகையினரைக் கல்லூரி குறிப்பிட்டுக் கேட்கலாம். அது வரை கல்லூரி, தன்னை அறிந்து தேடி வருபவனோடு மட்டுமே பேசியது; இப்போது தன்னை அறியாதவனோடும் பேசத் தொடங்கியது. வண்ணப்படங்கள் நிறைந்த கையேடுகள், முதல்வர் கையொப்பமிட்ட மடல்கள், திருப்பி அனுப்ப அஞ்சல்தலை ஒட்டத் தேவையற்ற விடையட்டைகள் ஆகியவை ஆயிரக்கணக்கில் வீடுகளை நோக்கிப் புறப்பட்டன.

அவ்விடையட்டையே இங்கு உற்றுநோக்கத்தக்கது. மடலைப் பெற்றவருள் யார் விடையிறுத்தார் என்பது ஒரு தரவு. விடையிறுத்தவருள் யார் விண்ணப்பித்தார், விண்ணப்பித்தவருள் யார் அனுமதி பெற்றார், அவருள் யார் வந்து சேர்ந்தார் எனப் படிப்படியாகக் குறுகும் வடிவத்தைச் சேர்க்கை அலுவலகத்தார் புனல் என்றனர். மேலே அகன்ற வாய். கீழே குறுகிய குழாய். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் நழுவுகின்றனர் என எண்ணத் தொடங்கியவுடன், மாணவன் ஒருவன் எப்படியில் நிற்கிறான் என்னும் பதிவும் இன்றியமையாததாயிற்று.

இதனை ஒரு கலையாக வகுத்தவர் பாஸ்டன் கல்லூரியின் சேர்க்கைத் தலைவராக இருந்த ஜாக் மகுவயர். இயற்பியல் பயின்றவர். கல்லூரி நிதி நெருக்கடியில் இருந்த வேளையில் பொறுப்பேற்றவர். சேர்க்கை, நிதியுதவி, மாணவரைத் தக்கவைத்தல் ஆகியவற்றைத் தனித்தனிப் பணிகளாகக் கொள்ளாமல் ஒரே அமைப்பாக, எண்களின் துணையோடு நடத்த வேண்டும் என 1976இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். சேர்க்கை மேலாண்மை என்னும் தொடர் அதன் வழியே பரவியது. பள்ளி ஆசிரியராகவோ பழைய மாணவராகவோ இருந்து சேர்க்கைப் பணிக்கு வந்தவரின் இடத்தில் புள்ளியியல் அறிந்தவர் அமர்ந்த மாற்றத்தை இக்கட்டுரையிலிருந்து கணிக்கலாம். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1966இல், எம்.ஐ.டி.யின் சேர்க்கை இயக்குநர் ஆல்டன் திரெஷர் எழுதிய நூலொன்று, கல்லூரி தேர்வு செய்வதற்கு நெடுநாள் முன்பே குடும்பமும் ஊரும் பள்ளியும் மாணவரைத் தரம் பிரித்துவிடுகின்றன எனக் கவலையோடு சுட்டியிருந்தது. பின்வந்தோர் மகுவயரைப் படித்த அளவுக்குத் திரெஷரைப் படித்ததாகத் தெரியவில்லை.

1975இல் பதினைந்து தனியார் கல்லூரிகள் சேர்ந்து பொது விண்ணப்பம் ஒன்றை உருவாக்கின. ஒரு முறை நிரப்பிய படிவத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம். மாணவனின் சுமையைக் குறைத்த நல்ல முயற்சி இது என்பதில் ஐயமில்லை. 1998இல் இணைய வழியில் அமைந்த பின்னர் விண்ணப்பங்கள் பன்மடங்காயின. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் இதில் உறுப்பியம் பெற்றுள்ளன. ஆனால் விண்ணப்பிப்பது எளிதாக எளிதாக, விண்ணப்பத்தின் சான்று மதிப்பும் குறைந்தது. தான் விரித்த வலையே தன் கணிப்பைக் குழப்புவதைக் கல்லூரி கண்டது.

தரவரிசையின் பங்கு

1983இல் 'யு.எஸ். நியூஸ்' இதழ் கல்லூரித் தரவரிசையை வெளியிடத் தொடங்கியது. ஆர்வக் கணக்கு முழுவதும் இத்தரவரிசையால் விளைந்தது என்பது பலரது கருத்து. அவ்விதழ் விளைச்சல் விகிதத்தை 2003 வரை தன் கணக்கில் சேர்த்துவந்தது உண்மையே. விண்ணப்பித்தோருள் எத்தனை பேர் விலக்கப்பட்டனர் என்பதும் நெடுங்காலம் மதிப்பாகக் கருதப்பட்டது. விளைச்சல் உயர்ந்தால் குறைந்த பேருக்கு அனுமதி தந்தால் போதும். அதனால் கல்லூரி மேலும் அரிதானதாகத் தோன்றும். ஆயினும் விளைச்சல் கணக்கிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும் ஆர்வத்தை அளக்கும் வழக்கம் குறையவில்லை, வளரவே செய்தது. எனவே தரவரிசை இதனை விரைவுபடுத்தியதேயன்றித் தோற்றுவித்தது அன்று என்பதே பொருந்தும். நிதிக் கணிப்பின் அச்சம் அதற்கு முந்தியது. அதற்குப் பிந்தியும் நிற்பது.

1990களில் முற்கூட்டிய முடிவு இவ்வச்சத்துக்கு மருந்தாயிற்று. அவ்வழி வருபவன் சேர்வது உறுதி. ஜேம்ஸ் ஃபாலோஸ் 2001 செப்டம்பர் 'அட்லாண்டிக்' இதழில் இவ்வேற்பாட்டைக் கடுமையாகச் சாடினார். 2003இல் ஏவரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹவுசர் ஆகியோர் பதினான்கு தேர்ந்த கல்லூரிகளின் ஐந்து இலட்சம் விண்ணப்பங்களை ஆராய்ந்து வெளியிட்ட நூல், முன்னதாக விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ நூறு மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதற்கு நிகரான பயன் தருகிறது எனக் காட்டியது. அப்பயனை வசதியுள்ள பள்ளிகளின் மாணவரே பெரிதும் அறிந்திருந்தனர். ஏழை மாணவன் அறிந்தாலும் துணிவது அரிது; பல கல்லூரிகள் வழங்கும் நிதியுதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை அவன் கைவிட வேண்டும். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் வர்ஜீனியாப் பல்கலைக்கழகமும் 2006இல் முற்கூட்டிய சேர்க்கையைக் கைவிடுவதாக அறிவித்தன. மற்றவை பின்தொடரவில்லை. 2011இல் மூன்றும் மீண்டன.

இதே காலத்தில், உயர்ந்த மதிப்பெண் பெற்றவரைச் சேரமாட்டார் எனக் கருதி இடைநிலைத் தரக் கல்லூரிகள் விலக்குவதாகவோ காத்திருப்புப் பட்டியலில் நிறுத்துவதாகவோ செய்திகள் வெளியாயின. 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 2001 மே மாதம் இதுபற்றி எழுதியது. நேர்காணலுக்கு வராதவன், வளாகத்தைப் பார்க்காதவன், மடலுக்கு விடையிறுக்காதவன் ஆகியோர் ஐயத்துக்குரியவராயினர். முன்தொடர்பு எதுவுமின்றி விண்ணப்பம் மட்டும் அனுப்புவோரைக் குறிக்க 'மறைந்து வரும் விண்ணப்பதாரர்' எனப் பொருள்படும் சொல்லொன்றும் அலுவலக வழக்கில் எழுந்தது. பகைவர் கண்ணுக்குப் புலப்படாது பறக்கும் போர்விமானத்துக்குரிய சொல் அது. தன் கடமையை அமைதியாகச் செய்த மாணவனுக்கு அப்பெயர்!

அளக்கப்பட்ட ஆர்வம்

அமெரிக்காவின் தேசியக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் சங்கம் 1937இல் தோன்றியது. அது ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வில், 2003இல் 7 விழுக்காட்டுக் கல்லூரிகளே மாணவன் காட்டும் ஆர்வத்துக்குப் பெருமதிப்புத் தருவதாகக் கூறின. சில ஆண்டுகளுக்குள் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாயிற்று. கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் பொதுத் தரவுத் தொகுப்பிலும் 'விண்ணப்பதாரரின் ஆர்வ நிலை' ஒரு தனி வரியாக உள்ளது. மிக முக்கியம், முக்கியம், கருதப்படும், கருதப்படாது என நான்கில் ஒன்றைக் கல்லூரி குறிக்க வேண்டும். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. ஆகியவை கருதப்படாது எனக் குறித்துள்ளன. தங்கள் இடம் மறுக்கப்படும் என அஞ்சாதவர்க்கு ஆர்வத்தைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. அவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ள தனியார் கல்லூரிகளே இதனை மிகுதியும் கருதுகின்றன. பரிந்துரை எழுதும் ஆசிரியர் அவ்வொரு வரியைப் பார்த்துக்கொள்வது, பல பக்க அறிவுரையைப் படிப்பதினும் பயன் தரும்.

பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இங்கு நமக்குத் துணையாகிறது. ஓர் அடையாளம் நம்பத்தக்கதாக வேண்டுமெனில், அதனைக் காட்டுவது செலவு மிக்கதாக இருத்தல் வேண்டும். எவரும் எளிதில் காட்டக்கூடியது எதனையும் பிரித்துணர்த்தாது. லீஹை பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டியர்டனும் பிற ஆய்வாளரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதனை மெய்ப்பித்தது. தேர்ந்த பல்கலைக்கழகம் ஒன்றன் விண்ணப்பங்களை அவர்கள் ஆராய்ந்தனர். தொடர்புகொண்ட மாணவர்க்கு அனுமதி வாய்ப்பு மிகுந்தது. தொலைவிலிருந்து கேட்டறிவதைவிட வளாகத்துக்கு நேரில் வருவது வலிய பயன் தந்தது. உயர் மதிப்பெண் பெற்றவரிடம் இவ்விளைவு கூடுதலாக இருந்தது.

செலவு மிக்க அடையாளமே நம்பப்படும் என்றால், செலவு அனைவர்க்கும் ஒன்றன்று என்னும் உண்மை உடனே எழுகிறது. பாஸ்டன் புறநகரில் வாழும் மாணவனுக்கு வளாக வருகை என்பது ஒரு பிற்பகல் கார்ப் பயணம். ஈப்போவில் வாழும் மாணவனுக்கு அது குடும்பத்தின் பல மாத வருவாய். தொலைவில் வாழ்வோரை வராமைக்காகக் குறைத்து மதிப்பதில்லை எனக் கல்லூரிகள் பல கூறுகின்றன. அதனை நம்ப மறுக்க நமக்குக் காரணமில்லை. ஆயினும் குறைத்து மதிக்காமல் இருப்பது வேறு, வந்தவர்க்குக் கூட்டி மதிப்பது வேறு. இடங்கள் எண்ணப்பட்டவையாக இருக்கும்போது இரண்டன் விளைவும் ஒன்றாகிவிடுகிறது. 1920களின் குணநலன் அளவுகோல் குறிப்பிட்ட இனத்தாரை விலக்குவதற்கென்றே வகுக்கப்பட்டது. ஆர்வ அளவுகோலுக்கு அத்தகைய தீய நோக்கம் இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் விலக்கப்பட்டவன் காரணத்தை அறியவோ கேட்கவோ இயலாமை இரண்டிலும் உண்டு.

மின்னஞ்சல் வந்தபின் விடையட்டை மறைந்தது. அதன் பணி மறையவில்லை. மடல் திறக்கப்பட்டதா, எந்த இணைப்புச் சொடுக்கப்பட்டது என்பன தாமாகவே பதிவாகின்றன. குறைந்தது 44 பல்கலைக்கழகங்கள் வெளி நிறுவனங்களின் துணையோடு வருங்கால மாணவரின் தரவுகளைத் திரட்டி ஆராய்வதாகவும், கல்லூரி இணையப்பக்கங்களில் மாணவர் எதை எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதைக்கொண்டு மதிப்பெண் இடுவது அதில் அடங்கும் எனவும் 2019 அக்டோபரில் 'வாஷிங்டன் போஸ்ட்' எழுதியது. அடுத்த மாதமே, ஒரு மாணவன் பெயர் 47 காசுக்கு விற்கப்படுவதையும், சேர வாய்ப்பில்லாதவர்க்கும் மடல் அனுப்பி விண்ணப்பிக்கத் தூண்டிப் பின் விலக்குவதன் மூலம் கல்லூரிகள் தம் அருமையை உயர்த்திக்கொள்வதையும் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளியிட்டது. 2024 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர், பள்ளி நேரத்தில் நடத்தப்பட்ட தேர்வுகளின் வழி திரட்டிய மாணவர் தரவுகளை விற்றமைக்காகக் காலேஜ் போர்டிடமிருந்து 750,000 டாலர் தண்டத்தோடு ஓர் உடன்பாடு பெற்றார். நிழற்படம் ஒட்டச் சொன்ன 1920களின் படிவத்தையாவது மாணவன் கண்ணால் கண்டான். இப்பதிவேட்டை அவன் காண்பதே இல்லை.

அழைப்பு முந்தும் முறை

மாணவன் முடிவெடுக்க மே 1 வரை காலம் தந்து, அதற்குப் பின் வேறு கல்லூரிக்கு உறுதிகூறியவனை ஈர்க்கக்கூடாது என ஆலோசகர் சங்கத்தின் நெறிமுறை கூறிவந்தது. இது போட்டியைத் தடுப்பதாகும் என அமெரிக்க நீதித்துறை குறைகூறவே, 2019 செப்டம்பரில் சங்கம் அவ்விதிகளை நீக்கியது. டிசம்பரில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. கட்டற்ற சந்தையின் நியாயம் மாணவனுக்குக் கூடுதல் சலுகை தரலாம். அவனை மேலும் பல மடல்களுக்கு ஆளாக்கவும் செய்யும்.

வேறொரு திசையும் திறந்துள்ளது. ஐடஹோ மாநிலம் 2015 முதல் உயர்நிலைப்பள்ளி இறுதியாண்டு மாணவர்க்கு, அவர்கள் கேளாமலே, பொதுக் கல்லூரிகளில் இடம் உண்டு என மடல் அனுப்பிவருகிறது. மதிப்பெண் பதிவேடு மாநிலத்தின் கையிலேயே இருப்பதால் இது இயன்றது. எம் நாட்டில் யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும் மாணவன் தன் ஆர்வத்தை விருப்ப வரிசையில் மட்டும் எழுதுகிறான். ஐடஹோ மாணவனுக்கு அதுவும் தேவையில்லை. பொது விண்ணப்ப அமைப்பும் 2021இல் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கியது. ஓடல், டெலேனி ஆகியோர் நான்கு மாநில மாணவரிடையே நடத்திய சோதனையாய்வின் முடிவுகள் கருதத்தக்கவை. முன்கூட்டியே இடம் உண்டு என மடல் பெற்ற மாணவருள் விண்ணப்பித்தோர் கூடினர். பெற்றோர் கல்லூரி காணாத குடும்பங்களிலும் வருவாய் குறைந்த குடும்பங்களிலும் இவ்வுயர்வு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வந்து சேர்ந்தோர் தொகை கூடவில்லை. அம்மடலில் இடம் இருந்தது. கட்டணத்துக்கு வழி இருக்கவில்லை.